தூண் மறைத்த கோடு

பழைய இரட்டை வேடப் படம் ஏதாவது தொலைக்காட்சியில் ஓடினால், கதையை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கவனியுங்கள். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நிற்கும்போது இருவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒரு தூண். தூண் இல்லாவிட்டால் கதவு நிலை, திரைச்சீலையின் விளிம்பு, இரண்டு சுவர்கள் சேரும் மூலை. ஒருவர் ஆத்திரத்தில் கையை ஓங்கினாலும் அந்த இடம் வருவதற்குள் கை மடங்கிவிடும். படத்தின் இரண்டு பாதிகளும் ஒட்டப்பட்ட கோடு அங்கேதான் போகிறது. அதை மறைக்கத்தான் அந்தத் தூண்.

1940இல் ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பா இரண்டு வேடம் கட்டிய காலம் தொட்டு, 1965இல் எம்.ஜி.ஆரின் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யையும் கடந்து, இரட்டை வேடம் நம் சினிமாவுக்குச் சலிக்காத சரக்கு. அதற்கு வேண்டிய வித்தையை மாஸ்க் ஷாட் என்பார்கள். கேமராவை அசையாமல் இறுக்கிவிட்டு, லென்ஸுக்கு முன்னால் ஒரு பாதியை மறைத்துக் கறுப்பு அட்டை செருகுவார்கள். திறந்திருக்கும் பாதியில் நின்று நடிகர் அண்ணனாகப் பேசி முடிப்பார். பிலிமைக் கேமராவுக்குள்ளேயே பழைய எண்ணுக்குப் பின்னோக்கிச் சுற்றுவார்கள். அட்டை மறுபக்கம் போகும். நடிகர் உடை மாற்றி வந்து தம்பியாகப் பேசுவார். முதல் தடவை ஒளி படாமல் தப்பிய பாதியில் இப்போது தம்பி பதிவார்.

இந்த இரண்டு தடவைக்கும் இடையில் ஒரு விளக்கையும் நகர்த்தக் கூடாது. யாரும் கேமரா ஸ்டாண்டில் இடிக்கக் கூடாது. அண்ணன் எத்தனை நொடி இடைவெளி விட்டாரோ அத்தனை நொடிக்குள் தம்பி பதில் சொல்லி முடிக்க வேண்டும், அதுவும் எதிரே ஆளில்லாத காற்றைப் பார்த்து. சரியாக வந்ததா என்பது லேபில் கழுவிய பிறகே தெரியும். தவறியிருந்தால் இரண்டு நடிப்பும் போச்சு. இரண்டும் ஒரே நெகட்டிவில் அல்லவா இருக்கின்றன!

அந்த அட்டையை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு கலை இருந்தது. பிலிமை ஒட்டி வைத்தால் கோடு கத்தி வெட்டியது போல் விழும். லென்ஸுக்கு முன்னால் தள்ளி வைத்தால் அட்டையின் ஓரம் ஃபோகஸுக்குள் வராது. இரண்டு பாதிகளும் ஒன்றில் ஒன்று கரைந்து சேரும். எவ்வளவு கரைய வேண்டும் என்பதை லென்ஸின் அப்பர்ச்சரும் சேர்ந்து தீர்மானிக்கும். இன்று ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் மாஸ்க் ஃபெதர் என்று இருக்கும் எண்ணைச் சுட்டியால் இழுத்துக் கூட்டிக் குறைக்கிறோமே, அதே வேலைதான். அன்று அது அட்டைக்கும் லென்ஸுக்கும் நடுவில் அங்குலக் கணக்கில் இருந்தது.

கறுப்பு பிலிமில் பதியாது என்பதை முதலில் காசாக்கியவர்களில் ஒருவர் பாரிஸின் மேடை மந்திரவாதி ஜார்ஜ் மெலியஸ். 1898இலேயே தன் தலையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். மீண்டும் ஒன்று முளைக்க அதையும் கழற்றி வைத்தார். பின்னால் கறுப்புத் திரை, திரும்பத் திரும்பப் பதிவான ஒரே பிலிம். 1903இல் எட்வின் போர்ட்டரின் ‘தி கிரேட் டிரெய்ன் ராபரி’யில் ரயில் நிலைய அறையின் ஜன்னலுக்கு வெளியே ரயில் வந்து நிற்கும். அறை செட், ரயில் நிஜம், ஜன்னல்தான் மாஸ்க்.

ஜன்னல் அசையாது, தூணும் அசையாது. சிக்கல் ஆள் நடக்கத் தொடங்கும்போது வருகிறது. அவனோடு சேர்ந்து மாஸ்க்கும் நடந்தாக வேண்டும். அவன் உருவத்தை மட்டும் கறுப்பு நிழலாக்கிய ஒரு பிலிம், அதற்கு நேர் எதிராக அவன் உருவம் மட்டும் தெளிவாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் இன்னொரு பிலிம். ஒன்று பின்னணியில் அவனுக்கு இடத்தை ஒதுக்கி வைக்கும், மற்றது அந்த இடத்தில் அவனை இறக்கும். ஃபிராங்க் வில்லியம்ஸ் 1918இல் காப்புரிமை பெற்ற முறையின் சாரம் இதுதான். 1933இல் ‘தி இன்விசிபிள் மேன்’ படத்துக்கு ஜான் ஃபுல்டன் இதைக் கையாண்டார். நடிகருக்குத் தலை முதல் கால் வரை கறுப்பு வெல்வெட் போர்த்தி, மேலே சட்டையும் கோட்டும் மாட்டி, கறுப்பு வெல்வெட் சுவருக்கு முன்னால் நடக்கவிட்டார். பிலிமில் சட்டை மட்டும் நடந்தது. வெல்வெட் சரியாக மறைக்காத இடங்களை ஆட்கள் உட்கார்ந்து சட்டகம் சட்டகமாகத் தூரிகையால் திருத்தினார்கள்.

அந்த ஆளில்லாச் சட்டை சுமார் 60 ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டுக்கு வந்து நடனமாடியது. 1994இல் ஷங்கரின் ‘காதலன்’ படத்தில், முக்காலா பாட்டின் முடிவில், உடம்பு மறைந்து தொப்பியும் உடையும் மட்டும் ஆடியபோது தியேட்டர் எழுந்து நின்றது. அந்தப் படத்தின் சிறப்புக் காட்சிகளுக்காக வெங்கிக்குத் தேசிய விருது கிடைத்தது. உள்ளே இருப்பவனை அழித்து உடையை மட்டும் விட்டுவைக்கும் கணக்கு ஃபுல்டனுடையதேதான். செய்யும் இடம் இப்போது கணினி.

நடுவில் இருந்த 60 ஆண்டுகளில் பாதிப் போராட்டம் நிறத்தோடு நடந்தது. கறுப்புக்குப் பதில் நீலத் திரையை நிறுத்தினால், நீலம் இருக்கும் இடமெல்லாம் பின்னணி என்று பிலிமே பிரித்துச் சொல்லிவிடும். வண்ணப் படத்தில் இதைப் பெரிய அளவில் காட்டியது 1940இல் வந்த ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’. லாரி பட்லர் செய்த அந்த வேலைக்கு ஆஸ்கர் கிடைத்தது. பூதத்தின் எதிரே எறும்பு போல நின்ற பையன் மைசூர்ப் பக்கத்து யானைப்பாகன் மகன் சாபு. டெக்னிகலர் நிறுவனத்தின் மூன்று பிலிம் கேமராவில் எடுத்த படம் அது. நிறுவனத்தின் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

நீலத்தின் பலவீனம் ஓரத்தில் தெரியும். முடியைச் சுற்றி நீலக் கீற்று, கண்ணாடி டம்ளரில் நீலம், புகையில் நீலம். பெட்ரோ விளாஹோஸ் என்ற பொறியாளர் இதற்குக் கண்டுபிடித்த வழியை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. திரையைச் சோடியம் ஆவி விளக்குகளால் மட்டும் ஒளியூட்டினார். அந்த மஞ்சள் ஒளி ஏறக்குறைய ஒரே அலைநீளம், 589 நானோமீட்டர். கேமராவுக்குள் ஒரு பட்டகம் அந்த மஞ்சளை மட்டும் தனியாகப் பிரித்துக் கறுப்பு வெள்ளை பிலிமுக்கு அனுப்பும். மற்ற ஒளியெல்லாம் வண்ண பிலிமுக்குப் போகும். ஆக, நடிகர் நடித்துக்கொண்டிருக்கும்போதே மேட்டும், அதாவது அவர் உருவத்தோடு நகரும் அந்த மாஸ்க்கும், பதிவாகிவிடுகிறது. பிறகு உட்கார்ந்து எதையும் பிரிக்க வேண்டியதில்லை. 1964இல் வந்த ‘மேரி பாப்பின்ஸ்’ படத்தில் கார்ட்டூன் உலகத்துக்குள் நடிகர்கள் நடக்கும்போது தொப்பியின் மெல்லிய வலை வழியாகப் பின்னணி தெரிவதைப் பாருங்கள். நீலத் திரையில் அந்தச் சுத்தம் அன்று வராது.

அந்தச் சோடியம் கேமரா கிடைக்காத மற்றவர்களுக்கு ஆப்டிகல் பிரிண்டர்தான் கதி. புரொஜெக்டரும் கேமராவும் மூக்கோடு மூக்கு உரசி நிற்கும் இயந்திரம். ஒவ்வொரு பொருளையும் அதற்குரிய மேட்டோடு சேர்த்து, ஒரே பிலிமில் மறுபடி மறுபடி ஒளியேற்ற வேண்டும். பிலிம் தலைமுடி அளவு சுருங்கியிருந்தாலும் பொருளைச் சுற்றிக் கறுப்புக் கோடு கிளம்பும். விண்வெளிப் படங்களுக்கு அது பெரிய தொல்லையில்லை, ஆகாயமே கறுப்பு. 1980இல் ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தின் போர் பனிச் சமவெளியில் நடந்தது. வெள்ளைப் பின்னணியில் ஒவ்வொரு கறுப்புக் கோடும் மை தீட்டியது போல் தெரிந்தது. கோட்டை மங்கவைக்க மேட்டின் அடர்த்தியைக் குறைத்தார்கள். விளைவாக, விமானத்தின் ஓட்டுநர் அறைச் சட்டத்துக்குள்ளே வெளியே ஓடும் பனி லேசாகத் தெரியும். 1997இல் கணினியில் திருத்தும்வரை அது அப்படியே இருந்தது.

அந்தப் படம் வருவதற்கு முன்பே தீர்வு நியூயார்க்கின் லாங் ஐலண்டில் பிறந்திருந்தது. 1977இல் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்ற இருவர், கணினிப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். அந்த நான்காவது எண் நிறத்தைப் பற்றிப் பேசாது. இந்தப் புள்ளி எவ்வளவு மறைக்கும் என்பதை மட்டும் சொல்லும். 0 என்றால் இல்லவே இல்லை. 255 என்றால் முழுக்க மறைக்கும். ஆல்ஃபா என்று இன்று நாம் சொல்வது இதைத்தான்.

கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் அதுவரை இருந்த மேட் பெரும்பாலும் சாமியானா கடை நாற்காலியின் முதுகில் தகடு வைத்துப் பெயர் அடிப்பது போன்றது. ஓட்டை இருக்கும் இடத்தில் பெயின்ட் படும், இல்லாத இடத்தில் படாது. தலைமுடிக்கு அப்படிப்பட்ட ஓரம் கிடையாது. ஒரு புள்ளியின் பரப்பில் முடி பாதியை மறைக்கும், மீதி வழியாகப் பின்னால் இருக்கும் வானம் தெரியும். அந்தப் பாதியை எண்ணாக எழுதி வைக்க ஆல்ஃபா இடம் கொடுத்தது. 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் அதற்கு முழு இலக்கணம் எழுதினார்கள் (255ஐ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்): மேலே இருக்கும் படத்தை அதன் ஆல்ஃபாவால் பெருக்கு, கீழே இருக்கும் படத்தை, ஒன்றிலிருந்து அந்த ஆல்ஃபாவைக் கழித்த மீதியால் பெருக்கு, இரண்டையும் கூட்டு. உலகத்தில் எந்த மென்பொருளில் ஒரு லேயரை இன்னொன்றின் மேல் வைத்தாலும் உள்ளே ஓடுவது இந்தக் கணக்குதான். நால்வருக்கும் பின்னாளில் ஆஸ்கர் அகாடமி தொழில்நுட்ப விருது கொடுத்தது.

புதிதாக வேலைக்கு வருபவர்களை மிரட்டும் கறுப்பு விளிம்பும் இங்கிருந்தே வருகிறது. நிறத்தை முன்கூட்டியே ஆல்ஃபாவால் பெருக்கி வைத்த படம் ஒரு வகை, பெருக்காத படம் இன்னொரு வகை. பிரீமல்டிபிளைட், ஸ்ட்ரெயிட் என்பார்கள். முன்பே பெருக்கியதை மென்பொருள் மறுபடி பெருக்கினால் ஓரம் இருண்டு, தலையைச் சுற்றிக் கரிக்கோடு விழும். பாதிப் பேர் உடனே மாஸ்க்கை உள்ளே இழுத்து முடியை வெட்டிவிடுவார்கள். ஃபுட்டேஜை மென்பொருள் எந்த வகையாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்து மாற்றினாலே கோடு போய்விடும்.

மேசைக் கணினிக்கு இதெல்லாம் 1993இல் இறங்கியது. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்தில் கோசா என்ற சின்னக் குழு ஆஃப்டர் எஃபெக்ட்ஸை வெளியிட்டது. அடுத்த ஆண்டே அது அடோபியிடம் போய்ச் சேர்ந்தது. பென் டூலால் லேயரின் மேலேயே வரையும் கோடு மாஸ்க். ஒரு லேயர் தன் ஆல்ஃபாவை இன்னொன்றுக்குக் கடன் கொடுத்தால் அது டிராக் மேட். கொடுக்கும் லேயரின் வெளிச்சத்தைப் பார்த்து, வெள்ளையில் காட்டு, கறுப்பில் மறை என்றால் லூமா மேட். வில்லியம்ஸின் பிலிம் அப்படியே மென்பொருளுக்குள் உட்கார்ந்திருக்கிறது. எழுத்துக்குள் கடல் அலை ஓடும் டைட்டில் கார்டெல்லாம் ஆல்ஃபா மேட்தான். மேட் லேயர், தான் மறைக்கும் லேயருக்கு நேர் மேலே உட்கார்ந்தே தீர வேண்டும் என்ற விதி மட்டும் ஏனோ 2022 இறுதி வரை மாறவில்லை. ஒரே மேட்டை மூன்று லேயருக்குப் பயன்படுத்த மூன்று நகல் எடுத்து, எது எதற்கு என்று தெரியாமல் தடுமாறியவர்கள் அந்த அப்டேட் வந்த அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

அன்றைய தூரிகை ஆட்களின் இடத்துக்கு இன்று வந்திருப்பது ரோட்டோ. பச்சைத் திரை இல்லாமல் எடுத்த ஷாட்டில் ஆளை வெட்டியெடுக்க, ஒவ்வொரு சட்டகத்திலும் கோடு ஓட்ட வேண்டும். நொடிக்கு 24 சட்டகம். 5 நொடி ஷாட் என்றால் 120. நல்ல ரோட்டோ ஆர்ட்டிஸ்ட் முழு உடம்புக்கும் ஒரே கோடு போட மாட்டார். தலை தனி, மேல்கை தனி, முன்கை தனி, விரல்கள் தனி. கை திரும்பும் உச்சங்களில் மட்டும் கீஃப்ரேம் வைத்து, நடுவில் உள்ளதைக் கணினி நிரப்பவிட்டு, பிறகு பிசகும் இடங்களைச் சரிசெய்வார். புள்ளிகள் கூடக் கூட ஓரம் நடுங்கும். குறைந்த புள்ளியில் வளைவைப் பிடிப்பவரே கைதேர்ந்தவர். சென்னை, ஹைதராபாத், மும்பை, பெங்களூரு அலுவலகங்களில், ஹாலிவுட் படங்களுக்கும் சேர்த்து, இந்த வேலையை இரவு பகலாகச் செய்பவர்கள் நம் பிள்ளைகள். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற பெயரைச் சுமந்த விஷுவல் எஃபெக்ட்ஸ் குழுமம் சரிந்தபோது, சாபுவை வண்ணத்தில் காட்டிய அந்தப் பெயரின் கீழ் இந்தியாவில் வேலை பார்த்த ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள்.

பிறகு, வரையவே வேண்டாம் என்று சொல்லும் கருவிகள். 2010இல் ரோட்டோ பிரஷ், 2020இல் அதன் இரண்டாம் பதிப்பு, டாவின்சி ரிசால்வின் மேஜிக் மாஸ்க், 2023இல் மெட்டாவின் செக்மென்ட் எனிதிங். ஆளின் மேல் ஒரு கோடு கிறுக்கினால் போதும், மீதியைத் தானே பிடித்துக்கொள்ளும். யூடியூப் வீடியோவுக்கும் கல்யாண ஹைலைட்டுக்கும் இது தாராளம். சினிமாத் திரைக்கு? நின்று பேசும் ஆளை நன்றாகப் பிரிக்கிறது. அவர் திரும்பி ஓடும்போது, கையின் அசைவு மங்கலாகும் இடத்தில், காற்றில் பறக்கும் முடியில், சட்டகத்துக்குச் சட்டகம் ஓரம் துடிக்கிறது. அதைக் கடைசியில் கையால் சரிசெய்பவர் அதே ரோட்டோ ஆர்ட்டிஸ்ட்தான். இன்னும் சில ஆண்டுகளில் இந்தக் குறையும் தீரலாம். தீர்ந்தால் நான் வருந்த மாட்டேன். மனிதர் செய்தே ஆக வேண்டிய வேலை என்று அதை நான் நினைத்ததில்லை.

என் குறை கருவிகளைப் பற்றியது அல்ல. அன்று கோடு எங்கே என்பதைப் படம் எடுப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டியிருந்தது. இயக்குநர், கேமராமேன், கலை இயக்குநர், நடிகர் எல்லோரும் அந்தக் கோட்டை மனதில் வைத்தே வேலை செய்தார்கள். 1990இல் ‘மைக்கேல் மதன காம ராஜன்’ படத்தில் நான்கு கமல்ஹாசன்கள் ஒரே வீட்டுக்குள் நிற்கும்போது, அந்தத் திட்டமிடலின் உழைப்பு ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது. இன்று முடிவு தள்ளிப்போகிறது. பச்சைத் திரை கட்ட நேரமில்லை, ‘போஸ்ட்ல பாத்துக்கலாம்’. மைக் கம்பி உள்ளே வந்துவிட்டது, ‘சிஜில தூக்கிடலாம்’. தூக்கலாம்தான். செட்டில் மிச்சமாகும் பத்து நிமிடம், எங்கோ ஒரு அறையில் ஒருவருடைய பத்து நாளாக மாறும். அந்தப் பத்து நாளுக்குத் தனியாகக் காசும் கிடையாது, பல சமயம் பட முடிவில் பெயரும் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால் தொழில்நுட்பமே செட்டை நோக்கித் திரும்ப ஆரம்பித்திருக்கிறது. 2019இல் வந்த ‘தி மாண்டலோரியன்’ தொடரில் பச்சைத் திரையின் இடத்தில் பிரம்மாண்டமான எல்இடி சுவரை நிறுத்தினார்கள். பின்னணி அங்கேயே ஓடும், நடிகரின் கவசத்தில் அதன் ஒளி விழும், கேமரா இரண்டையும் சேர்த்தே எடுக்கும். பல ஷாட்டுகளுக்கு மேட்டே தேவைப்படவில்லை. ஆனால் பின்னணி படப்பிடிப்புக்கு முன்பே தயாராக இருந்தாக வேண்டும். 2024இல் அமெரிக்க யூடியூப் குழுவான காரிடார் க்ரூ, ஆராய்ச்சியாளர் பால் டெபெவெக்கோடு சேர்ந்து விளாஹோஸின் சோடியம் முறையை மறுபடி அமைத்துப் பார்த்தது. முடியும் கண்ணாடியும் நீரும் சுத்தமாகப் பிரிந்து வந்தன. 60 ஆண்டு பழைய யோசனை, செட்டிலேயே வேலையை முடிப்பது.

குறும்படமோ பெரிய படமோ எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். லொகேஷன் பார்க்கப் போகும்போது காம்ப், அதாவது படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் வேலை, செய்யப்போகிறவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். கேமரா அசையுமா, முடி பறக்குமா, பின்னால் என்ன வரப்போகிறது என்று அவர் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். ஆள் இல்லாத வெற்று பிரேமை ஐந்து நொடி தனியாக எடுத்துக் கொடுங்கள். அதற்குச் செலவே கிடையாது. ஆளை வெட்டியெடுத்த, பின்னணி இன்னும் சேர்க்காத ஷாட் கைக்கு வந்ததும் கலரைப் பார்த்துவிட்டு ஓகே சொல்லாதீர்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஆல்ட்டும் 4உம் அழுத்தினால் ஆல்ஃபா மட்டும் கறுப்பு வெள்ளையில் தெரியும். ஓரம் துடிக்கிறதா, உடம்புக்குள் சாம்பல் ஓட்டை இருக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். செய்தவரின் பெயரை எண்டு டைட்டிலில் போட மறக்காதீர்கள்.